இடத்தை விற்ற காலம், ஆளை விற்கும் காலம்: விளம்பரப் பணம் ஊடகத்தை விட்டுப் போன வழி

2025 டிசம்பர் முதல் தேதி. உலகின் மிகப் பெரிய விளம்பரக் குழுமமான ஆம்னிகாம், டிடிபி, எஃப்சிபி, மல்லன்லோ என்ற மூன்று ஏஜென்சிப் பெயர்களுக்கு மூடுவிழா அறிவித்தது. போட்டிக் குழுமமான இன்டர்பப்ளிக்கை வாங்கி முடித்து ஒரு வாரம்கூட ஆகியிருக்கவில்லை. டிடிபி 1949-ல் தொடங்கியது. எஃப்சிபியின் வேர் 1873-க்குப் போகிறது. இந்த வரிசைக்கு முன்னுதாரணமும் உண்டு: 2023-ல் டபிள்யூபிபி குழுமம் தன் இரண்டு ஏஜென்சிகளை இணைத்து விஎம்எல் என்று பெயர் வைத்தபோது, 19-ஆம் நூற்றாண்டிலிருந்து ஓடிவந்த தாம்ப்சன் என்ற பெயர் பலகையிலிருந்து இறங்கியது.

இதைப் படிப்பவருக்கு விளம்பரத் தொழிலே நொடித்துப் போகிறது என்று தோன்றும். ஆனால் கணக்கு வேறு சொல்கிறது. உலகம் முழுக்க விளம்பரத்துக்குச் செலவாகும் தொகை 2024-ல் ஒரு லட்சம் கோடி டாலரைத் தாண்டிவிட்டது என்று இத்துறையைக் கணக்கெடுக்கும் நிறுவனங்கள் மதிப்பிட்டன. இதற்குமுன் இவ்வளவு பணம் இதில் புழங்கியதே இல்லை. பணம் பெருகுகிறது. அந்தப் பணத்தில் பிழைத்த பத்திரிகைகள் சுருங்குகின்றன. அந்தப் பணத்தைக் கையாண்ட ஏஜென்சிகள் ஒன்றை ஒன்று விழுங்குகின்றன. அப்படியானால் பணம் எங்கே போகிறது?

விடை ஒரு மாற்றத்தில் இருக்கிறது. விளம்பரம் கொடுப்பவர் முன்பு இடத்தை வாங்கினார். அப்புறம் ஆளை வாங்கத் தொடங்கினார். இப்போது விளைவை மட்டும் வாங்குகிறார். செய்திகளில் தனித்தனியாக அடிபடும் குக்கீ சண்டை, கூகுள் வழக்கு, ஏஜென்சி இணைப்பு, செயற்கை நுண்ணறிவுப் பதில்கள் எல்லாம் இந்த ஒரே இழையில் கோத்தவை.

பத்திரிகை எதை விற்றது?

1833-ல் பெஞ்சமின் டே என்ற அச்சுக்காரர் நியூயார்க்கில் 'சன்' என்ற நாளிதழைத் தொடங்கினார். மற்ற தாள்கள் ஆறு சென்ட்டுக்கு விற்றபோது இது ஒரு சென்ட். அந்த ஒரு சென்ட்டில் தாளும் மையும் கூட முழுதாகக் கட்டுப்படியாகாது. மலிவு விலையால் கூட்டம் சேரும், அந்தக் கூட்டத்தின் கண்ணில் பட வேண்டும் என்று வியாபாரிகள் பணம் கொடுப்பார்கள் என்பதுதான் அவர் போட்ட கணக்கு. அடுத்த 170 ஆண்டுகளுக்குப் பத்திரிகை, வானொலி, தொலைக்காட்சி எல்லாமே ஏறக்குறைய இந்தக் கணக்கில்தான் ஓடின.

ஏஜென்சியும் அந்தக் காலத்துப் பிறப்புதான். 1840-களில் பிலடெல்பியாவில் வோல்னி பாமர் போன்ற தரகர்கள் பத்திரிகைகளுக்காக இடம் விற்றுக் கமிஷன் எடுத்தார்கள். பின்னால் ஏஜென்சி விளம்பரதாரரின் ஆளாக மாறி, வாசகத்தையும் படத்தையும் செய்துகொடுக்கத் தொடங்கியது. ஆனாலும் கூலி வந்தது பத்திரிகையிடமிருந்து: விளம்பரக் கட்டணத்தில் 15 சதவீதக் கழிவு. உழைப்பது ஒருவருக்கு, கூலி கொடுப்பது இன்னொருவர். இந்த விசித்திர ஏற்பாடு நூறாண்டுக்கு மேல் நீடித்தது. விளம்பரதாரர் எவ்வளவு அதிகம் செலவழிக்கிறாரோ ஏஜென்சிக்கு அவ்வளவு லாபம் என்பதால் யாரும் அதை அவசரப்பட்டு மாற்றவில்லை.

இங்கே கவனிக்க வேண்டியது, விளம்பரதாரருக்குச் செய்தியில் எந்த அக்கறையும் கிடையாது. அவருக்கு வேண்டியது கூட்டம். கார் வாங்கும் நிலையில் இருக்கும் நூறு பேரை எட்ட, அவர் பத்தாயிரம் பேர் படிக்கும் பக்கத்தை வாங்க வேண்டியிருந்தது. மீதி 9,900 பேருக்குக் கொடுத்த பணம் அவரைப் பொறுத்தவரை வீண். அந்த 'வீண்' பணத்தில்தான் வெளிநாட்டு நிருபருக்குச் சம்பளம் போனது, ஆறு மாதம் தோண்டி எழுதிய ஊழல் செய்திக்குச் செலவானது. இதை யாரும் திட்டம் போட்டுச் செய்யவில்லை. ஆளைத் தனியாகப் பிரித்தெடுக்கும் வழி இல்லாததால் விளைந்த தற்செயல் அது.

ஒரு விஷயத்தைச் சரியாகச் சொல்லிவிட வேண்டும். பத்திரிகைகளின் முதல் பெரிய அடி ஆளைக் குறிவைக்கும் தொழில்நுட்பத்தால் விழவில்லை. வரி விளம்பரத்தில் விழுந்தது. வேலைக்கு ஆள் தேவை, வாடகைக்கு வீடு, பழைய வண்டி விற்பனை என்று மூன்று வரியில் வரும் சின்ன விளம்பரங்கள்தான் பல அமெரிக்கத் தாள்களின் கொழுத்த வருமானம். 1995-ல் கிரெய்க் நியூமார்க் ஒரு மின்னஞ்சல் பட்டியலாகத் தொடங்கிய கிரெய்க்ஸ்லிஸ்ட், பெரும்பாலும் இலவசமாகவே அந்த வேலையைச் செய்துகொடுத்தது. எல்லாப் பழியையும் கூகுள் தலையில் போடுபவர்கள் இதை மறந்துவிடுகிறார்கள்.

அமெரிக்கப் பத்திரிகைகளின் மொத்த விளம்பர வருமானம் 2005-ல் சுமார் 4,900 கோடி டாலர். 2020-ல் 1,000 கோடி டாலருக்கும் கீழே. அதே 2020-ல்தான் அங்கே வாசகர் கொடுக்கும் காசு, விளம்பரக் காசை முதல்முறையாக மிஞ்சியது. வாசகர் காசு பெரிதாக ஏறிவிடவில்லை; விளம்பரம் அந்த அளவுக்கு இறங்கிவிட்டது.

1994: ஒரே ஆண்டில் இரண்டு கண்டுபிடிப்பு

1994 அக்டோபர் 27-ல் ஹாட்வயர்டு என்ற இணைய இதழில் ஏடி அண்ட் டி நிறுவனத்தின் பேனர் விளம்பரம் வந்தது. நீளமான ஒரு பட்டை. பத்திரிகைப் பக்கத்தில் பட்டை விளம்பரம் போடுவது போலத்தான். இதுவும் இடம் விற்பதே.

அதே ஆண்டு, பிரவுசர் செய்த நெட்ஸ்கேப் நிறுவனத்தில் லூ மான்டுல்லி என்ற பொறியாளர் குக்கீயை உருவாக்கினார். குக்கீ என்பது ஒரு இணையதளம் உங்கள் பிரவுசரில் எழுதிவைக்கும் சின்னக் குறிப்பு. நீங்கள் மறுபடி வரும்போது 'இவர் நேற்று வந்தவர்' என்று தளத்துக்குத் தெரியும். இணையக் கடையில் கூடையில் போட்ட பொருள் பக்கம் மாறினாலும் காணாமல் போகாமலிருக்க இது அவசியம்.

சிக்கல் எங்கே வந்தது என்றால், ஒரு பக்கத்துக்குள் வேறு நிறுவனத்தின் விளம்பரமும் இருக்கலாம்; அந்த விளம்பர நிறுவனமும் தன் குக்கீயை வைக்கலாம். இதைத்தான் மூன்றாம் தரப்புக் குக்கீ என்கிறார்கள். ஒரே விளம்பர நிறுவனம் பத்தாயிரம் தளங்களில் இருந்தால், அதே ஆள் பத்தாயிரம் தளங்களில் எங்கெல்லாம் போகிறார் என்று அதற்குத் தெரிந்துவிடும். டபுள்கிளிக் என்ற நிறுவனம் இதை ஒரு தொழிலாகவே வளர்த்தது. 2007-ல் கூகுள் அதை 310 கோடி டாலருக்கு வாங்க ஒப்பந்தம் போட்டு, 2008-ல் முடித்தது.

இதற்குப் பக்கத்திலேயே இன்னொரு தடம். 1998-ல் கோடூ என்ற தேடல் நிறுவனம், தேடல் சொற்களை ஏலம் விட்டு, கிளிக் விழுந்தால் மட்டும் காசு வாங்கும் முறையைக் கொண்டுவந்தது. 2000-ல் ஆட்வேர்ட்ஸ் என்ற விளம்பரச் சேவையைத் தொடங்கிய கூகுள், சீக்கிரமே அந்த முறைக்கு மாறி அதைச் செம்மைப்படுத்தியது. தேடல் விளம்பரத்தின் வலிமை, அதற்குக் கூட்டம் சேர்த்துக் கொடுக்க ஓர் ஊடகமே தேவையில்லை என்பது. 'மலிவான விமானச் சீட்டு' என்று ஒருவர் தானாகவே தட்டச்சு செய்கிறார். அவருக்கு என்ன வேண்டும் என்று ஊகிக்க வேண்டியதில்லை. நிருபருக்குச் சம்பளம் கொடுக்க வேண்டியதும் இல்லை.

ஒரு பக்கம் திறப்பதற்குள்

தேடலுக்கு வெளியே, சாதாரண இணையப் பக்கங்களில் இன்று விளம்பரம் வரும் முறைக்குப் புரோகிராமாட்டிக் என்று பெயர். ஆள் பேசி முடிவு செய்யாமல் கணினிகள் ஏலம் நடத்தி முடிவு செய்வது. 2009-10 வாக்கில் பரவத் தொடங்கியது. செய்தித் தளத்தின் இணைப்பை நீங்கள் தொட்டவுடன் நடப்பது இது:

1. பக்கத்தில் காலி இடம் இருக்கிறது என்று உங்கள் பிரவுசர் ஊடக நிறுவனத்தின் விளம்பர சர்வருக்குச் சொல்கிறது. எந்த விளம்பரம் எங்கே என்று முடிவு செய்யும் மென்பொருள் அது.

2. அது, ஊடகத்தின் சார்பில் இடத்தை விற்கும் மென்பொருளான விற்பனைத் தரப்புத் தளத்திடம் கேட்கிறது. அந்தத் தளம் ஒரு ஏலச் சந்தைக்குக் கோரிக்கை அனுப்புகிறது. அதில் பக்கத்தின் முகவரி, உங்கள் கருவியின் வகை, ஏறக்குறைய எந்த ஊர், குக்கீ வழியே தெரிந்த அடையாள எண் எல்லாம் இருக்கும். பெயர் இருக்காது. எண் இருந்தால் போதும்.

3. அந்தக் கோரிக்கை ஒரே நேரத்தில் பல வாங்கும் தரப்புத் தளங்களுக்குப் போகிறது. விளம்பரதாரர் சார்பில் ஏலம் கேட்கும் மென்பொருள்கள் இவை. ஒவ்வொன்றும் தன் கோப்பைப் புரட்டுகிறது. இந்த எண் போன வாரம் காலணி பார்த்ததா, வாங்கியதா, வயது என்னவாக இருக்கும்?

4. ஏலத்தொகை வருகிறது. அதிகம் கேட்டவர் ஜெயிக்கிறார். அவருடைய படம் உங்கள் திரையில் வந்து உட்காருகிறது.

இவ்வளவும் முடிய ஏறக்குறைய பத்தில் ஒரு நொடி. நீங்கள் தலைப்பைப் படித்து முடிப்பதற்குள் உங்கள் கண் விற்றாகிவிட்டது. ஏலத்தில் தோற்றவர்களுக்கும் உங்களைப் பற்றிய அந்தக் கோரிக்கை போய்ச் சேர்ந்திருக்கும் என்பது தனியுரிமைக்காரர்களின் முக்கியப் புகார். வாங்காமலே சரக்கைப் பார்த்துக் குறித்துக்கொள்ளலாம்.

ஒவ்வொரு கையும் ஒரு பங்கு எடுக்கும். 2020-ல் பிரிட்டிஷ் விளம்பரதாரர் சங்கமான இஸ்பா, பிடபிள்யூசி கணக்காய்வு நிறுவனத்தை வைத்து இந்தப் பாதையைத் தோண்டிப் பார்த்தது. விளம்பரதாரர் செலவழித்ததில் ஊடக நிறுவனத்துக்குப் போய்ச் சேர்ந்தது 51 சதவீதம். அதைவிட ஆச்சரியம், 15 சதவீதம் யாரிடம் போனது என்று கணக்காய்வாளர்களாலேயே கண்டுபிடிக்க முடியவில்லை. அதுவும் அந்த ஆய்வில் கலந்துகொண்டவை உலகின் பெரிய, ஒழுங்கான நிறுவனங்கள்.

இடைத்தரகர் எத்தனை பேர் என்று கண்ணால் பார்க்க ஒரு வழி உண்டு. ஏதாவது ஒரு பெரிய செய்தித் தளத்தின் முகவரிக்குப் பின்னால் சாய்கோடு போட்டு 'ஆட்ஸ் டாட் டிஎக்ஸ்டி' என்ற கோப்பின் பெயரை ஆங்கிலத்தில் தட்டிப் பாருங்கள். வெறும் எழுத்தாக ஒரு பட்டியல் திறக்கும். வரிக்கு வரி ஒரு நிறுவனத்தின் முகவரி, ஒரு கணக்கு எண், கடைசியில் 'டைரக்ட்' அல்லது 'ரீசெல்லர்' என்ற சொல். அந்தத் தளத்தின் இடத்தை விற்க அனுமதி பெற்றவர்களின் பட்டியல் அது. சில தளங்களில் உருட்டிக்கொண்டே போனாலும் தீராது. 'ரீசெல்லர்' என்று முடியும் வரிகள் எத்தனை என்று எண்ணினால், ஒரே இடம் எத்தனை கைகள் மாறி விற்கப்படலாம் என்று புரியும். இந்தக் கோப்பு 2017-ல்தான் வந்தது. அதே ஆண்டு ஃபைனான்ஷியல் டைம்ஸ், தன் பெயரில் யாரோ போலி இடம் விற்றுக்கொண்டிருப்பதைக் கண்டுபிடித்தது. அதன் மதிப்பு மாதத்துக்குச் சுமார் பத்து லட்சம் பவுண்டு என்பது அந்தப் பத்திரிகையின் கணக்கு.

வாசகர் கசியும் ஓட்டை

தரகுக் கூலியை விடப் பெரிய நஷ்டம் ஒன்று உண்டு. அது கணக்குப் புத்தகத்தில் தெரியாது.

ஒரு மருத்துவ இதழ் இருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். பல ஆண்டு உழைத்து நம்பிக்கை சம்பாதித்து, இதய மருத்துவர்கள் தினமும் வந்து படிக்கும் தளமாக அது வளர்ந்திருக்கிறது. அறுவைச் சிகிச்சைக் கருவி விற்கும் நிறுவனம் அந்த மருத்துவர்களை எட்ட வேண்டுமானால், பழைய காலத்தில் இந்த இதழிடம்தான் வர வேண்டும், இதழ் சொல்லும் விலையைக் கொடுக்க வேண்டும்.

இப்போது அந்த மருத்துவர் இதழைப் படிக்கும்போது ஒரு மூன்றாம் தரப்புக் குக்கீ அவரைக் குறித்துக்கொள்கிறது. மாலையில் அவர் ஒரு வினாடி வினாத் தளத்தில் நேரம் போக்குகிறார். அங்கே விளம்பர இடம் பத்தில் ஒரு பங்கு விலை. அதே ஆள், அதே எண். கருவி நிறுவனம் அவரை அங்கே வாங்கிக்கொள்கிறது. கூட்டத்தைச் சேர்த்தது இதழ். காசு போனது வினாடி வினாவுக்கு.

என் பார்வையில் இந்த முப்பது ஆண்டுக் கதையின் மையம் இதுதான். 'மக்கள் படிப்பதை நிறுத்திவிட்டார்கள், அதனால் பத்திரிகை விழுந்தது' என்று பொதுவாகச் சொல்வார்கள். வாசகர் எண்ணிக்கை பல தளங்களில் கூடத்தான் செய்தது. ஆனால் வாசகரை எட்ட ஊடகத்தின் கதவைத் தட்ட வேண்டிய தேவை போய்விட்டது. வாசலில் வசூலித்த காசு அதோடு நின்றது.

இதன் கழிவாக ஒரு புதுத் தொழிலே முளைத்தது: விளம்பரத்துக்காகவே செய்த தளங்கள். படிப்பதற்கு ஒன்றும் இருக்காது. அடுத்த பக்கம், அடுத்த பக்கம் என்று இழுத்துக்கொண்டு போய் ஒவ்வொன்றிலும் பத்து விளம்பரம் காட்டும். 2023-ல் அமெரிக்க விளம்பரதாரர் சங்கமான ஏஎன்ஏ ஆராய்ந்தபோது, பார்வைகளில் 21 சதவீதமும் செலவில் 15 சதவீதமும் இந்தத் தளங்களுக்குப் போயிருந்தது. ஒரு விளம்பரப் பிரசாரம் சராசரியாக 44,000 தளங்களில் ஓடியிருந்தது. நாற்பத்து நாலாயிரம் தளங்களை எந்த மேலாளர் உட்கார்ந்து பார்த்திருப்பார்?

இன்னொரு பக்கம், உண்மையான செய்தித் தளங்களைத் தடைச்சொல் பட்டியல் பதம் பார்க்கிறது. தங்கள் பெயர் விபத்து, கொலைச் செய்திகளுக்குப் பக்கத்தில் வரக்கூடாது என்று நிறுவனங்கள் சில சொற்களைத் தடைப்பட்டியலில் போடுகின்றன. 2020-ல் அந்தப் பட்டியலில் 'கொரோனாவைரஸ்' சேர்ந்தது. உலகமே ஒரே செய்தியைப் படித்துக்கொண்டிருந்தபோது, செய்தித் தளங்களின் கூட்டம் உச்சத்தில் இருந்தபோது, அந்தப் பக்கங்களில் விளம்பரம் வர மறுத்தது. மென்பொருளுக்குச் சொல் தெரியும், சூழல் தெரியாது.

கூகுள் மீதான வழக்கு எதைப் பற்றியது?

கூகுள் மீது இரண்டு பெரிய அமெரிக்க வழக்குகள் ஓடுவதால் பலர் குழம்புகிறார்கள். ஒன்று தேடல் ஆதிக்கம் பற்றியது. அதில் 2024 ஆகஸ்டில் நீதிபதி அமித் மேத்தா கூகுளுக்கு எதிராகத் தீர்ப்பளித்தார். நமக்குத் தேவையானது இரண்டாவது, விளம்பரத் தொழில்நுட்ப வழக்கு.

மேலே சொன்ன ஏலப் பாதையை நினைத்துக்கொள்ளுங்கள். ஊடகங்கள் பெரும்பாலும் பயன்படுத்தும் விளம்பர சர்வர் கூகுளுடையது. மிகப் பெரிய ஏலச் சந்தை கூகுளுடையது. விளம்பரதாரர் கையில் இருக்கும் வாங்கும் கருவிகளிலும் பெரியது கூகுளுடையது. விற்பவரின் தரகரும் அவரே, வாங்குபவரின் தரகரும் அவரே, சந்தைத் திடலும் அவருடையதே. அந்தச் சந்தையில் ஒவ்வொரு விற்பனையிலும் சுமார் 20 சதவீதம் தரகு.

2025 ஏப்ரல் 17-ல் வர்ஜீனியாவில் நீதிபதி லியோனி பிரிங்கெமா, விளம்பர சர்வர், ஏலச் சந்தை இரண்டிலும் கூகுள் சட்டவிரோதமாக ஏகபோகம் நடத்தியது என்று தீர்ப்பளித்தார். வாங்கும் தரப்பு பற்றிய குற்றச்சாட்டை மட்டும் அரசுத் தரப்பு நிரூபிக்கவில்லை என்றார். அதே ஆண்டு செப்டம்பரில் ஐரோப்பிய ஆணையம் ஏறக்குறைய இதே விவகாரத்துக்கு 295 கோடி யூரோ அபராதம் போட்டது.

ஆனால் இந்தத் தீர்ப்பால் பத்திரிகைகளுக்குப் பழைய பணம் திரும்பும் என்று எதிர்பார்ப்பது தவறு. காரணம் ஒரு எண்ணில் இருக்கிறது. கூகுளின் தாய் நிறுவனமான ஆல்ஃபபெட்டின் 2024 விளம்பர வருமானம் சுமார் 26,460 கோடி டாலர். அதில் மற்றவர்களின் தளங்களிலும் செயலிகளிலும் விளம்பரம் போட்டு வந்தது சுமார் 3,000 கோடி டாலர்தான். மீதியெல்லாம் அதன் சொந்தத் தேடலிலும் யூடியூபிலும் விளைந்தது. வழக்கு நடப்பது சுருங்கிவரும் ஓரத்தைப் பற்றி.

குக்கீ சாகும் என்றார்கள், சாகவில்லை

இந்த விஷயத்தில் வந்த அறிவிப்புகளைத் தொடர்ந்து படித்தவருக்குத் தலை சுற்றியிருக்கும். ஒவ்வொன்றாகப் பார்த்தால்:

1. 2018 மே 25: ஐரோப்பாவின் ஜிடிபிஆர் தரவுச் சட்டம் நடைமுறைக்கு வந்தது. எந்தத் தளத்துக்குப் போனாலும் 'குக்கீயை ஏற்கிறீர்களா' என்று கேட்கும் பெட்டி பெருகியது இதற்கு அப்புறம்தான்.

2. 2020 மார்ச்: ஆப்பிளின் சஃபாரி பிரவுசர் மூன்றாம் தரப்புக் குக்கீயை முழுதாகத் தடுத்தது.

3. அதற்கு இரண்டு மாதம் முன்பு, 2020 ஜனவரி: தன் குரோம் பிரவுசரில் இரண்டு ஆண்டுக்குள் தடுப்பேன் என்று கூகுள் அறிவித்திருந்தது. பிறகு தள்ளிப்போட்டது, மறுபடி தள்ளிப்போட்டது. 2024 ஜூலையில் திட்டத்தைக் கைவிட்டது. குக்கீக்கு மாற்றாக அது உருவாக்கிய கருவிகளில் பெரும்பாலானவற்றையும் 2025 அக்டோபரில் மூடியது.

4. 2021 ஏப்ரல்: ஐபோன் செயலிகள் உங்களைப் பின்தொடர அனுமதி கேட்க வேண்டும் என்று ஆப்பிள் விதி கொண்டுவந்தது. கேட்டால் யார் சரி என்பார்கள்? இதனால் 2022-ல் மட்டும் சுமார் 1,000 கோடி டாலர் வருமானம் குறையும் என்று ஃபேஸ்புக்கின் தாய் நிறுவனமான மெட்டா சொன்னது.

பயனரைப் பின்தொடர்வது கஷ்டமானால் பத்திரிகைகளுக்கு நல்லதுதானே, விளம்பரதாரர் மறுபடி இடம் வாங்க வருவாரே என்று கேட்கலாம். கொஞ்சம் நடந்தது. ஆனால் பெரிய பலன் வேறு இடத்துக்குப் போனது. மூன்றாம் தரப்புத் தரவு கிடைக்காதபோது, சொந்தத் தரவு வைத்திருப்பவருக்கு மதிப்பு கூடுகிறது. நீங்கள் உள்நுழைந்து பயன்படுத்தும் தளத்துக்கு உங்களைத் தெரிந்துகொள்ளக் குக்கீ எதற்கு? நீங்கள் என்ன வாங்கினீர்கள் என்று அமேசானுக்குத் தெரியும். அதன் விளம்பர வருமானம் 2024-ல் சுமார் 5,600 கோடி டாலர். மேலே சொன்ன அமெரிக்கப் பத்திரிகைத் தொழிலின் உச்சத்தை ஒரு கடை தனியாகத் தாண்டிவிட்டது. மெட்டாவும் அடியிலிருந்து எழுந்து, அதே ஆண்டு சுமார் 16,000 கோடி டாலர் விளம்பரத்தில் ஈட்டியது.

தொலைக்காட்சிக்கும் இதே பாதைதான். நெட்ஃபிளிக்ஸ் 2022 நவம்பரில் விளம்பரத்தோடு மலிவுச் சந்தா தொடங்கியது; அமேசானின் பிரைம் வீடியோ 2024 ஜனவரியில் இருந்த சந்தாவிலேயே விளம்பரம் காட்டத் தொடங்கியது. திரை பெரிது, அவ்வளவுதான். அங்கேயும் வாங்குவது ஆளை.

அப்படியானால் ஏஜென்சி எதற்கு?

இப்போது ஆம்னிகாம் செய்திக்குத் திரும்பலாம். இன்டர்பப்ளிக்கை வாங்கி மூன்று புகழ்பெற்ற பெயர்களை மூடினார்கள் அல்லவா? மூடாத ஒன்றைப் பாருங்கள்: ஆக்சியம். இது விளம்பரம் எழுதும் இடம் கிடையாது. கோடிக்கணக்கான நுகர்வோரைப் பற்றிய தரவுக் கிடங்கு. இன்டர்பப்ளிக் 2018-ல் 230 கோடி டாலர் கொடுத்து வாங்கியது. பிரெஞ்சுக் குழுமமான பப்ளிசிஸும் 2019-ல் எப்சிலான் என்ற தரவு நிறுவனத்தை 440 கோடி டாலருக்கு வாங்கியது. பெயர் பெற்ற படைப்பு ஏஜென்சிகளுக்கு இந்தக் காலத்தில் இப்படி விலை பேசப்படவில்லை. ஆளை விற்கும் சந்தையில் ஆளைப் பற்றிய கோப்புக்குத்தான் விலை.

கூலி முறையும் மாறிவிட்டது. 15 சதவீதக் கழிவு போய், மணிக்கணக்குக் கூலி வந்தது. விளம்பரதாரர்கள் அதையும் அழுத்தி அழுத்திக் குறைத்தார்கள். அதனால் பெரிய குழுமங்கள் இப்போது தாமே இடத்தை மொத்தமாக வாங்கி, லாபம் வைத்துத் தங்கள் வாடிக்கையாளருக்கே விற்கின்றன. ஆலோசகரே சரக்கும் விற்றால் ஆலோசனை எந்தப் பக்கம் சாயும் என்பது இந்தத் துறையில் பலரும் மெதுவான குரலில் கேட்கும் கேள்வி. மொத்தமாக வாங்கப் பெரிய பை வேண்டும். இணைப்புகளுக்கு இதுவும் ஒரு காரணம்.

இன்னும் ஆழமான காரணம், மூன்றாவது கட்டம்: விளைவை வாங்குவது. 2021-ல் கூகுள் கொண்டுவந்த பெர்ஃபார்மன்ஸ் மேக்ஸ், 2022-ல் மெட்டா கொண்டுவந்த அட்வான்டேஜ் பிளஸ் இரண்டிலும் விளம்பரதாரர் இடத்தையும் தேர்வதில்லை, ஆளையும் தேர்வதில்லை. இவ்வளவு பட்ஜெட், இவ்வளவு விற்பனை வேண்டும் என்று சொன்னால் போதும். மீதியை இயந்திரம் பார்த்துக்கொள்ளும். படத்தையும் வாசகத்தையும் இயந்திரமே செய்யும் நாள் வரும், நிறுவனங்கள் இலக்கையும் வங்கிக் கணக்கையும் இணைத்தால் போதும் என்ற கருத்தில் 2025 மே மாதம் ஒரு பேட்டியில் மெட்டாவின் தலைவர் ஜக்கர்பெர்க் பேசினார். ஏஜென்சிப் பங்குகள் வைத்திருந்தவர்களுக்கு அது இனித்திருக்காது.

சரி, விற்பனை வந்தால் போதாதா, எப்படி வந்தது என்று ஏன் கவலைப்பட வேண்டும்? இதற்கு இணையச் சந்தையான ஈபேயின் அனுபவம் நல்ல பதில். தேடல் தளங்களில் 'ஈபே' என்று தேடுபவருக்கு ஈபேயின் விளம்பரம் காட்ட அந்த நிறுவனம் காசு கொடுத்துவந்தது. கணக்குப்படி அந்த விளம்பரம் அமோக வெற்றி. கிளிக் செய்தவர்கள் ஏராளமாக வாங்கினார்கள். அங்கே வேலை பார்த்த பொருளாதார அறிஞர்கள் அதை நிறுத்திப் பார்த்தார்கள். அந்தக் கிளிக்குகளில் 99.5 சதவீதம், விளம்பரத்துக்குக் கீழேயே இருந்த இலவச இணைப்பு வழியாக வந்து சேர்ந்தன. ஈபே என்று தட்டுபவர் ஏற்கெனவே ஈபேக்குத்தான் போய்க்கொண்டிருக்கிறார். கடை வாசலில் நுழைபவர் கையில் நோட்டீஸ் கொடுத்துவிட்டு, நோட்டீஸால் வந்த கூட்டம் என்று சொல்வது போல.

இந்த ஆய்வு நடந்தபோது விளம்பரதாரரால் எதை நிறுத்துவது என்று தானே தேர்ந்தெடுக்க முடிந்தது. எல்லாவற்றையும் ஒரே பெட்டிக்குள் போட்டுக் கலக்கும் கருவியில் அப்படி ஒரு பகுதியை மட்டும் அணைத்துப் பார்ப்பது சுலபமில்லை. வென்றதா இல்லையா என்று சொல்வதும் பெரும்பாலும் விற்றவரே. தன் விடைத்தாளைத் தானே திருத்தும் மாணவன் ஃபெயிலாவது அபூர்வம்.

பதிலே கிடைத்துவிட்டால் பக்கம் எதற்கு?

இதுவரை ஊடகத்துக்கு ஒன்று மிஞ்சியிருந்தது: தேடலிலிருந்து வரும் வாசகர். விளம்பர விலை குறைந்தாலும் தலை எண்ணிக்கை இருந்தது. 2024 மே மாதம் கூகுள் தன் தேடல் பக்கத்தின் உச்சியிலேயே செயற்கை நுண்ணறிவு எழுதும் சுருக்கத்தைக் காட்டத் தொடங்கியது. பியூ ஆய்வு மையம் 2025 மார்ச் மாதத்து அமெரிக்கப் பயனர்களின் உலாவலைப் பார்த்தபோது, சுருக்கம் வராத தேடல்களில் 15 சதவீதத்தில் ஏதாவது ஒரு தேடல் முடிவைத் தொட்டிருந்தார்கள். சுருக்கம் வந்தவற்றில் 8 சதவீதம். சுருக்கத்துக்குள் ஆதாரமாகக் கொடுத்த இணைப்பைத் தொட்டது ஒரு சதவீதம்.

ஊடகங்கள் மூன்று விதமாக எதிர்வினை செய்கின்றன. சில வழக்குப் போடுகின்றன. பெரிய இதழ்க் குழுமமான பென்ஸ்கி மீடியா 2025 செப்டம்பரில் கூகுள் மீது போட்டது. சில காசு வாங்கிக்கொண்டு தங்கள் எழுத்தை இயந்திரத்துக்குப் படிக்கக் கொடுக்கின்றன. மூன்றாவது வழி சந்தா. நியூயார்க் டைம்ஸ் 2011-ல் கட்டணச் சுவர் எழுப்பியபோது கேலி செய்தவர்கள் உண்டு. 2024 முடிவில் அதற்கு 1.1 கோடிக்கு மேல் சந்தாதாரர்கள். ஆனால் அதை எல்லோருக்கும் மருந்தாக எழுதிக்கொடுக்க முடியாது. அந்தச் சந்தாவில் சொல் விளையாட்டும் சமையலும் விளையாட்டுச் செய்தியும் சேர்ந்திருக்கின்றன. வாசகர் ஒன்றிரண்டு சந்தா கட்டுவார், பத்துக் கட்டமாட்டார்.

அரசுகள் தலையிட்டும் பார்த்தன. செய்திக்குக் காசு தருவது பற்றி ஊடகங்களோடு பேரம் பேச வைக்க ஆஸ்திரேலியா 2021-ல் கொண்டுவந்த சட்டத்தால் கூகுளும் மெட்டாவும் அவற்றோடு ஒப்பந்தம் போட்டன. கனடா அதே போல ஒரு சட்டம் செய்தபோது மெட்டா வேறு பதில் வைத்திருந்தது. 2023 ஆகஸ்டிலிருந்து கனடாவில் ஃபேஸ்புக்கிலும் இன்ஸ்டாகிராமிலும் செய்தி இணைப்புகளையே எடுத்துவிட்டது. செய்தி இல்லாமலே அதன் வியாபாரம் நடக்கிறது.

2026 ஜனவரியில் ஓப்பன்ஏஐ, சாட்ஜிபிடியில் விளம்பரம் வைத்துப் பார்க்கப்போவதாக அறிவித்தது. முதலில் அமெரிக்காவில், இலவசமாகவும் மலிவுச் சந்தாவிலும் பயன்படுத்துபவர்களுக்கு. பதிலில் கை வைக்கமாட்டோம், பதிலுக்குக் கீழே தனியாக, விளம்பரம் என்று குறித்தே காட்டுவோம் என்றது. எழுத்து மேலே, அதற்குக் கீழே கோடு போட்டுப் பிரித்த விளம்பரக் கட்டம். பழைய பத்திரிகைப் பக்கத்தின் அமைப்பு அப்படியே திரும்பியிருக்கிறது. மேலே இருக்கும் எழுத்துக்கான தகவலைச் சேகரித்தவருக்குக் கீழே இருக்கும் கட்டத்தின் வாடகையில் பங்கு உண்டா என்பதுதான் இப்போது வக்கீல்கள் மேஜையில் இருக்கும் கேள்வி.